தபாலில் விதை அனுப்பப்படும்

786
14-6-1982

அன்புள்ள ஜுபைதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மொரப்பூரில் ஏறியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஈரோட்டில் இறங்கி பஸ் பிடித்து வந்தேன். ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே இருக்கிறது. நிறைய வேப்பமரங்கள், நல்ல காற்று. எனக்குப் பத்தொன்பதாம் நம்பர் கட்டில். தினமும் ஒரு ஊசி, ஒரு கை நிறைய மாத்திரை. ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

ஆடிப்பட்டம் நெருங்குகிறது. அவரை, புடலை, பீர்க்கு எல்லாம் உள் அறையில் வலது பக்கம். பெங்களூரிலிருந்து கடைசியாக வந்த வெண்டை மூட்டை இன்னும் பிரிக்கவில்லை, முதலில் பழையதை விற்றுவிடு. சாக்குகளைத் தரையில் வைக்காதே, பலகை மேல் வை. ஈரம் ஏறினால் விதை செத்துப்போகும்.

யார் கேட்டாலும் நான் சரக்கெடுக்க பெங்களூர் போயிருப்பதாகச் சொல். அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறேன் என்று சொன்னால் நம்புவார்கள். கடத்தூரில் யாருக்கும் இந்த வியாதியின் பெயர் தெரிய வேண்டாம். வஹிதாவை இங்கே அழைத்து வராதே. ஐந்து வயதுப் பிள்ளை வரக்கூடிய இடம் இல்லை இது.

மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

அப்துல் சுபான்


786
26-7-1982

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் மூன்று கடிதமும் கிடைத்தன. மூன்றிலும் மற்றபடி எழுத ஒன்றுமில்லை என்று முடித்திருக்கிறீர்கள். எனக்கு நிறைய இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி பெங்களூர் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். பத்து நாள் நம்பினார்கள். அப்புறம் யாரோ மொரப்பூர் ஸ்டேஷனில் நீங்கள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கைக்குட்டை சிவப்பாக இருந்ததாம். எனக்கு எழுதிய கடிதத்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது மட்டும்தான் இருந்தது.

இப்போது ஊருக்கே தெரியும். வியாதி என்பதோடு, பாய் சம்சாரம் பொய் சொன்னாள் என்பதும் சேர்ந்துகொண்டது. சந்தை நாளில் நம் கடை வாசலில் எவ்வளவு கூட்டம் நிற்கும்! போன சந்தைக்கு ஏழு பேர் வந்தார்கள். மாதையன் அண்ணன் ரோட்டிலேயே நின்றுகொண்டு, "அவரை வெத அரைப்படி கட்டி படியில வெச்சிடும்மா, நான் எடுத்துக்கறேன்" என்றார். பொட்டலத்தை வைத்துவிட்டு நான் உள்ளே போன பிறகுதான் அவர் படிக்கு வந்தார். வருஷா வருஷம் நம் கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிற மனிதர்.

பெருநாளன்று வழக்கம்போல அவர்கள் வீட்டுக்குப் பாயசம் கொடுத்தனுப்பினேன். அவர் மனைவி செல்லம்மாள் அக்கா மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்பிவிட்டாள். வஹிதா, "அவங்களுக்கு இனிப்பு புடிக்காதாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இந்த வீட்டில் எல்லோரும் பொய் சொல்லப் பழகிவிட்டோம்.

ஆடி பிறந்து பத்து நாளாகிவிட்டது. சாக்குகள் அப்படியே இருக்கின்றன. அடுத்த வருஷம் இவை முளைக்காது என்று உங்களுக்குத் தெரியும். என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

நான் பயப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் முடியவில்லை.

ஜுபைதா


786
9-8-1982

அன்புள்ள ஜுபைதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கைக்குட்டை விஷயத்தை உன்னிடம் மறைத்தது தவறுதான். அதைப் பற்றி வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பக்கத்துக் கட்டில் முனிராஜ் அச்சாபீசில் வேலை செய்தவர். அவருக்கு ஒரு விவசாய மாத இதழ் வருகிறது. அதில் வாசகர்கள் கடிதம் பகுதியில் பாதிப் பேர் நல்ல காய்கறி விதை எங்கே கிடைக்கும் என்றே கேட்கிறார்கள். பட்டணத்துக்காரர்கள், மொட்டை மாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு ஒரு மூட்டை வேண்டாம், ஒரு கைப்பிடி போதும். நான் முனிராஜிடம் கேட்டு நாலு வரி விளம்பரம் எழுதி அனுப்பிவிட்டேன். 'வீட்டுத் தோட்டத்துக்குப் பத்து வகைக் காய்கறி விதைகள். தபாலில் அனுப்பப்படும். சுபான் விதைக் கடை, கடத்தூர்.' உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்.

ஆர்டர் வந்தால் வி.பி.பி.யில் அனுப்பு. வாங்குகிறவர் தபால்காரரிடம் பணம் கட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொள்வார், பணம் நமக்கு மணியார்டராக வரும். பாரம் நிரப்புவதை போஸ்ட் மாஸ்டர் பச்சியப்பன் சொல்லிக்கொடுப்பார்.

கேள்வி கேட்டு வரும் கடிதங்களை எனக்கு அனுப்பு. நான் பதில் எழுதி உனக்கு அனுப்புகிறேன். நீ அதைப் பார்த்து உன் கையால் எழுதி அவர்களுக்கு அனுப்பிவிடு. இங்கிருந்து நேராகப் போனால் உறையில் இந்த ஊர் முத்திரை விழும், ஊர்ப் பெயரைப் பார்த்தாலே இந்த ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். முகம் தெரியாத ஊரிலாவது நாம் நல்லவிதமாக இருப்போம்.

வஹிதாவுக்கு என் முத்தம். காகிதத்தில் கொடுத்தால் ஒன்றும் ஒட்டாது என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அப்துல் சுபான்


786
20-9-1982

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முதல் வாரம் மூன்று கடிதம் வந்தது. அடுத்த வாரம் பதினேழு. நேற்று வரைக்கும் நூற்றிரண்டு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். பழைய வெண்டை தீர்ந்து, நீங்கள் சொன்ன பெங்களூர் மூட்டையைப் பிரித்துவிட்டேன்.

முதல் நாள் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு போஸ்டாபீசுக்குப் போனேன். வரிசையில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். பச்சியப்பன் சார் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "குடும்மா. கவர்ன்மென்ட்டு சம்பளம் வாங்கறவன் எதையும் தொட்டுத்தான் ஆவணும்" என்றார். அவர் சொன்னது நல்ல எண்ணத்திலா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் பாரம் நிரப்பக் கற்றுக்கொடுத்தார்.

காலையில் கடையைத் திறந்து உட்காருகிறேன். யாரும் வராததால் அங்கேயே பொட்டலம் கட்டுகிறேன். வெளியே ரோட்டில் போகிறவர்கள் ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். திருநெல்வேலிக்கும் பாண்டிச்சேரிக்கும் விதை விற்கிறேன், எதிர்த்த வீட்டுக்காரி நம்மிடம் கீரை விதை வாங்காமல் பஸ் ஏறி தருமபுரிக்குப் போகிறாள்.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். காரைக்குடி அம்மாவின் புடலைக்கொடியில் பிஞ்சு உதிர்கிறதாம். அதற்கு நீங்கள் இரண்டு பக்கம் பதில் எழுதியிருக்கிறீர்கள். காலையில் எப்போது தண்ணீர் விட வேண்டும், பந்தலில் வெயில் எந்தப் பக்கமாக விழ வேண்டும், மனம் தளர வேண்டாம் என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். அதே உறையில் எனக்கு வந்தது அரைப் பக்கம். அதிலும் பசை வாங்கும் இடம் பற்றி ஐந்து வரி.

அந்த இரண்டு பக்கத்தையும் நான்தான் என் கையால் பார்த்து எழுதினேன். மனம் தளர வேண்டாம் என்ற இடம் வந்தபோது கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு அம்மாவுக்கு எழுத முடிகிறது உங்களால்.

ஜுபைதா


786
27-9-1982

அன்புள்ள ஜுபைதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

காரைக்குடி அம்மாவுக்கு எழுதுவது சுலபம். பிஞ்சு ஏன் உதிர்கிறது என்று எனக்குத் தெரியும். உனக்கு எழுத உட்கார்ந்தால் நீ என்ன கேட்பாய் என்று தெரிகிறது, பதில்தான் என்னிடம் இல்லை. ஆகஸ்டு கடைசியில் மறுபடி ரத்தம் வந்தது. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அப்படி ஆகலாம் என்று பயந்து முன்கூட்டியே தேதி போட்டு எழுதி வைத்திருந்த அரைப் பக்கங்களைத்தான் அந்த நாட்களில் முனிராஜ் உனக்குத் தபாலில் சேர்த்தார். இப்போது நிலைமை சீராகிவிட்டது என்கிறார்கள். எக்ஸ்ரேயில் இடது பக்கம் மட்டும் இன்னும் தெளியவில்லை. ஆறு மாதத்தில் அனுப்புவதாகச் சொன்னவர்கள் இப்போது நாள் குறிக்க மாட்டேன் என்கிறார்கள்.

இரவில் இருமல் இல்லாதபோது வீட்டை நினைத்துக்கொள்வேன். நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுவதை. என்ன பேசினாய் என்பது ஞாபகம் வருவதில்லை, குரல் மட்டும் கேட்கிறது. இதையெல்லாம் எப்படி எழுதுவது என்றுதான் பசையைப் பற்றி எழுதினேன்.

ஒரு முடிவு சொல்கிறேன், கோபப்படாதே. கடையை விட்டுவிடு. ராஜப்பன் அந்த இடத்தை உரக்கடைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கொடுத்துவிடலாம். தபால் வியாபாரத்தை வீட்டிலிருந்தே நடத்து. ஒருவரும் படியேறாத கடையில் நீ தினமும் போய் உட்கார்ந்து அவமானப்படுவதை என்னால் இங்கே படுத்துக்கொண்டு நினைத்துப் பார்க்க முடியவில்லை. முகம் பார்க்காத வியாபாரமே நமக்குப் போதும்.

அப்துல் சுபான்


786
18-10-1982

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் ரத்தம் பற்றி எழுதியதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. ஆனாலும் அதற்கு முன்பு வந்த எல்லாக் கடிதங்களையும்விட அது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

கடையை விடலாமா என்று நானும் யோசித்தேன். ராஜப்பனைக் கூப்பிட்டுப் பேசவும் நாள் பார்த்துவிட்டேன். அதற்குள் போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை இது நடந்தது.

மத்தியானம், நான் பொட்டலங்களுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். போன மாதமும் படியிலிருந்தே வெண்டை விதை எடுத்துப்போன மாதையன் அண்ணன் தடதடவென்று படியேறி உள்ளே வந்து மேஜையில் ஓங்கிக் குத்தினார்.

"ஏம்மா, வெண்ட வெதையா குடுத்த நீயி, இல்ல மண்ணாங்கட்டியக் குடுத்தியா? பத்து நாளாச்சு போட்டு. நாலு பாத்தில நாலு செடி மொளைக்கல! தண்ணி எறைச்சு எறைச்சு கை வுட்டுப்போச்சு. பாய் இருந்தா இப்படி நடக்குமா?"

"நடந்திருக்கும்ணா. அந்த மூட்டைய வாங்குனதே அவருதான்."

அவர் மேலும் திட்டினார். எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு மனிதர் நம் கடைக்குள் நின்று சத்தம் போடுகிறார். நான் சிரிப்பதைப் பார்த்து அவர் நிறுத்திவிட்டார். எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பின்னால் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போய்விடுவார் என்று நினைத்தேன்.

"பாய்க்கு இப்ப எப்பிடிம்மா இருக்குது?" என்று கேட்டார்.

நீங்கள் போனதிலிருந்து இந்த ஊரில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சொன்னேன், உள்ளபடி சொன்னேன். ரத்தம் வந்ததையும் சொன்னேன். அவர் உட்காரவில்லை, ஆனால் நின்று கேட்டார்.

அவர் போனதும் அந்த மூட்டையிலிருந்து இருபது விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். நாலாம் நாள் பிரித்தேன். மூன்றுதான் முளை விட்டிருந்தது. அதே மூட்டையிலிருந்து நாற்பத்து மூன்று பேருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், மச்சான். ஒருவர்கூட இன்னும் எழுதவில்லை. தங்கள் கைராசி சரியில்லை என்று நினைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாதையன் அண்ணன் மாதிரி அவர்களால் மேஜையில் வந்து குத்த முடியாதே. கடையை மூடியிருந்தால் நான் இன்றும் அந்த விதையைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

அதனால் கடையை விட மாட்டேன். ராஜப்பனுக்குச் சொல்லியாகிவிட்டது.

மாற்று விதைக்கு வழியும் கிடைத்துவிட்டது. மாதையன் அண்ணனிடம் கேட்டேன். "வெதைக்கு உட்ட நாட்டு வெண்டக்காயி பரண் மேல நெறைய கட்டி வெச்சிருக்கா எங்கூட்டுல. பெங்களூர் வெத நல்லா காய்க்கும்னுதான் உங்கிட்ட வாங்குனேன்" என்றார். மறுநாள் செல்லம்மாள் அக்கா ஒரு மூட்டையைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லை. சோதித்துப் பார்த்தேன், இருபதுக்குப் பத்தொன்பது.

அந்த நாற்பத்து மூன்று பேருக்கும் என்ன எழுதுவது என்று சொல்லுங்கள்.

ஜுபைதா


786
24-10-1982

அன்புள்ள ஜுபைதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ செய்ததுதான் சரி. கடை பற்றி நான் சொன்னதை மறந்துவிடு.

அந்த மூட்டையை வாங்கிய அன்று பெங்களூர் மண்டியில் எனக்கு மூச்சு வாங்கியது. பதினைந்து வருஷமாக, அண்ணன் வீட்டில் நாலு நாள் தங்கி விதையைத் துணியில் முடிந்து பார்க்காமல் ஒரு மூட்டையும் நான் வாங்கியதில்லை. அன்று எப்படியாவது வண்டியேறிப் படுத்தால் போதும் என்றிருந்தது. விற்றவர் பேரில் பழி போட மனம் வரவில்லை. கீழே எழுதியிருப்பதைப் பார்த்து எழுதி அனுப்பு.

'ஐயா / அம்மா, உங்களுக்கு அனுப்பிய வெண்டை விதை முளைக்காது. வாங்கும்போது சோதித்துப் பார்க்காதது என் தவறு. உங்கள் கையிலோ மண்ணிலோ குறையில்லை. எனக்கு அப்போது உடம்பு சரியில்லை. இப்போது காசநோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். கடையின் விதைகளை நான் தொட்டு நாலு மாதத்துக்கு மேலாகிறது, என் மனைவிதான் எல்லாவற்றையும் கட்டி அனுப்புகிறார். வேறு நல்ல விதை இத்துடன் வருகிறது. பணம் தர வேண்டாம். எங்களிடம் வாங்க விருப்பமில்லை என்றால் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், வருத்தப்பட மாட்டோம். அப்துல் சுபான்.'

வியாதியின் பெயரை எழுதத்தான் வேண்டுமா என்று முனிராஜ் கேட்டார். எழுதினால் கடத்தூரில் நடந்தது எல்லா ஊரிலும் நடக்கலாம். தபாலும் போய்விட்டால் நமக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு தடவை பொய் சொல்லச் சொல்லி உன்னை ஊர் நடுவே நிற்க வைத்தேன். கடைசி முடிவு உன்னுடையது. அந்த வரியை அடித்துவிட்டு எழுதினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அப்துல் சுபான்


786
6-12-1982

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அடிக்காமல்தான் எழுதினேன். நாற்பத்து மூன்று தடவையும்.

ஆறு பொட்டலம் திரும்பி வந்தது. ஒருவர், என் விலாசத்தை உங்கள் நோட்டிலிருந்து எடுத்துவிடவும் என்று கார்டு போட்டிருந்தார். எடுத்துவிட்டேன். சிலர் உங்கள் உடம்பு பற்றிக் கேட்டிருக்கிறார்கள், ஒருவர் பூண்டுப் பால் குடிக்கச் சொல்லியிருக்கிறார். பாதிப் பேர் ஒன்றுமே எழுதவில்லை. காரைக்குடி அம்மாவிடமிருந்து ஒரு மாதம் தகவல் இல்லை. அவரும் நம்மை விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். முந்தாநாள் வந்தது கடிதம். வியாதி பற்றி ஒரு வார்த்தை இல்லை. பீர்க்கங்காய் ஏன் கசக்கிறது என்று ஒன்றரைப் பக்கம் கேட்டிருக்கிறார்.  அந்த அம்மாவோடு எனக்கிருந்த சண்டை தீர்ந்தது.

கடைக்கும் ஆட்கள் வருகிறார்கள். முன்போல இல்லை. மாதையன் அண்ணன் வந்து நிற்பதைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் உள்ளே வருகிறார்கள். செல்லம்மாள் அக்கா இன்னும் படியோடு சரி.

போன மாதம் உங்களைப் பார்க்க வந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. வேப்பமரத்தடி பெஞ்சில் நான் ஒரு கோடியில் உட்கார்ந்தேன், நீங்கள் மறு கோடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். இளைத்த கழுத்தும் காதும்தான் எனக்குத் தெரிந்தன. விடிய எழுந்து ரயிலும் பஸ்ஸும் ஏறி வந்தவளிடம் ஒரு மணி நேரம் மழைக்காலத்தில் பொட்டலம் நமுத்துப்போகாமல் காப்பது எப்படி என்று சொன்னீர்கள். நானும் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். திரும்பும்போது உங்கள்மேல் கோபமாக இருந்தது. சேலம் தாண்டியதும் கோபம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் கஷ்டமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பதில்களை நான் ஏன் இன்னும் என் கையால் பார்த்து எழுதுகிறேன் என்று நினைக்கிறீர்கள்? இப்போது ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, நீங்களே நேராக அனுப்பலாம். ஆனால் அனுப்பச் சொல்ல எனக்கு மனமில்லை. கத்தரிப் புழுவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள், இருந்தாலும் அது உங்கள் கை எழுதியது. ஊராருக்கு என் எழுத்து போதும். உங்களுடையது எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது.

ஜுபைதா


786
17-1-1983

அன்புள்ள ஜுபைதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மூன்று தடவை சளி சோதித்துவிட்டார்கள். மூன்றிலும் கிருமி இல்லை. பிப்ரவரி எட்டாம் தேதி என்னை அனுப்புகிறார்கள். என்னால் இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். மாத்திரையை இன்னும் ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும்.

இதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுத முடியாததற்குக் காரணம் இருக்கிறது. தூசி படக்கூடாதாம். விதை புடைப்பது, சாக்கு உதறுவது, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்வது ஒன்றும் ஒரு வருஷத்துக்கு ஆகாது. ஒருவேளை எப்போதுமே ஆகாது. இங்கே படுத்துக்கொண்டு நான் ஏங்கியது எதற்குத் தெரியுமா? ஒரு குடியானவர் சாக்குக்குள் கையை விட்டு விதையை அள்ளி, ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்த்து, என் முகத்தைப் பார்ப்பாரே, அந்த நிமிஷத்துக்கு. அது எனக்கு இனி இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. நீ அரும்பாடுபட்டு நாலு பேரைக் கடைக்குள் வரவழைத்திருக்கிறாய். நான் வந்து இறங்கினால் அந்த நாலு பேரும் மறுபடி ரோட்டில் நின்றுகொள்வார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை வாசலில் ஒட்டவா முடியும்? அதனால் இங்கிருந்து நேராக பெங்களூரில் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் இருக்கிறேன். தபால் கடிதங்களை இப்போது போலவே எனக்கு அனுப்பு. அண்ணனுக்கும் எழுதிவிட்டேன், வரச் சொல்லிவிட்டார்.

வஹிதா என்னை மறந்திருப்பாளோ என்று பயமாக இருக்கிறது. உன்னைப் பற்றி அந்தப் பயம் இல்லை. இன்னொரு வருஷம்தானே ஜுபைதா.

அப்துல் சுபான்


786
24-1-1983

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெங்களூர் போக வேண்டாம். நானும் அண்ணனுக்கு எழுதிவிட்டேன்.

நீங்கள் வருவதை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மாதையன் அண்ணன், "வரட்டும்மா, அந்த வெண்டைக்கு எம் பங்கு திட்டு இன்னும் பாக்கி இருக்குது" என்றார். வேறு சிலர் எழுந்து போனார்கள். அவர்கள் திரும்பி வராமல் போகலாம். வராவிட்டால் தபாலில் விற்போம். தபாலும் குறைந்தால் குறையட்டும். ஆள் இல்லாத கடையில் மூன்று மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டேன், அது என்னால் முடியும். நீங்கள் இல்லாத வீட்டுக்கு இன்னொரு வருஷம் சாவி போட்டுத் திறக்க முடியாது.

நம் வீட்டின் முன் அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். ஒரு மேஜை, ஒரு நாற்காலி. ஜன்னல் ரோட்டைப் பார்த்தது. தூசி இல்லாத இடம். தபால் வேலையை நீங்கள் அங்கே பாருங்கள், கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். பத்தடி தூரம்தான். சாக்கில் கைவிட்டவர் யார், என்ன முகம் காட்டினார் என்று சாயங்காலம் வந்து நான் சொல்கிறேன். எல்லாவற்றையும் சொல்கிறேன். அது போதுமா என்று எனக்குத் தெரியாது. போதாவிட்டால் அப்போது சண்டை போடுங்கள், எதிரில் இருந்து போடுங்கள்.

வஹிதா உங்களை மறக்கவில்லை. முகம் கொஞ்சம் மறந்திருக்கலாம்.

எட்டாம் தேதி இங்கே சந்தை நாள். தை அறுவடைக்குப் பிறகு வருகிற சந்தை, கடையைப் பூட்டினால் எவ்வளவு போகும் என்று உங்களுக்கே தெரியும். பூட்டிவிட்டு நானும் வஹிதாவும் மொரப்பூருக்கு வருகிறோம். எந்தப் பெட்டியில் வருகிறீர்கள் என்று எழுத வேண்டாம். எல்லாப் பெட்டியும் பார்ப்போம்.

ஜுபைதா